ஆர்லாண்டோவில் டிஸ்னிக்கு முன்பு என்ன இருந்தது?

குடும்பத்தோடு 8 நாள்கள் ஆர்லாண்டோ செல்லவிருக்கிறீர்கள். 6 வயது மகளும் 11 வயது மகனும் கேளிக்கைப் பூங்காக்களை நினைத்து இப்போதே துள்ளிக்கொண்டிருக்கிறார்கள். கூட வரும் உங்கள் தந்தையோ ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், "டிஸ்னி வருவதற்கு முன் அது வெறும் சதுப்பு நிலம்தானே, அங்கே எனக்கு என்ன வேலை?" என்று கேட்கிறார். அந்த ஊரில் பார்க்கத்தக்க வரலாறு உண்டா என்பது உங்கள் கேள்வி. அருங்காட்சியகங்களின் பட்டியல் ஒன்றைப் போட்டுக் கொடுத்தால் உங்களுக்கு அது உதவாது என்று நினைக்கிறேன். மூன்று தலைமுறைகள் ஒரே காரில் போகும்போது தாத்தாவுக்குச் சுவைப்பது பேரப்பிள்ளைகளுக்கும் சுவைக்குமா என்பதுதான் உங்கள் உண்மையான கவலை. நான் மத்திய ஃபுளோரிடாவில் 17 ஆண்டுகள் வசித்தவன். அங்கே அமெரிக்க வரலாறு கற்பித்தவன். வந்து போன உறவினர் குடும்பங்களை இந்தப் பூங்காக்களுக்கும் பழைய நகரத்துக்கும் அழைத்துச் சென்று, செய்யக்கூடிய பிழைகளை எல்லாம் செய்து முடித்தவன். டிக்கெட்டில் பணம் மிச்சம் பிடிக்கும் வித்தைகளில் எனக்குத் தேர்ச்சி இல்லை. அதற்கு வேறு ஆள்கள் இருக்கிறார்கள்.

உங்கள் தந்தை சொல்வது பாதி சரி. டிஸ்னி வாங்கிய நிலத்தின் பெரும்பகுதி சதுப்பும் பைன் காடும் மேய்ச்சல் வெளியுமாகத்தான் கிடந்தது. ஆனால் அந்த நிலம் ஆர்லாண்டோ நகர எல்லைக்குள் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டிஸ்னி உலகம் நகர மையத்திலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி, பே லேக், லேக் புயனா விஸ்டா என்னும் இரண்டு சின்னஞ்சிறு ஊர்களின் பெயரில் இருக்கிறது. ஆர்லாண்டோ என்னும் நகரத்தில் 1960-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே சுமார் 88,000 பேர் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு ஆரஞ்சுத் தோப்புகளும், கால்நடைப் பண்ணைகளும், ஒரு விமானப்படைத் தளமும், 1950-களின் இறுதியில் வந்து சேர்ந்த ஓர் ஏவுகணைத் தொழிற்சாலையும் இருந்தன. ஆகவே "டிஸ்னிக்கு முன் என்ன இருந்தது?" என்பதைவிட, "ஒவ்வொரு முறையும் ஏன் இந்த இடத்தையே தேடி வந்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். படைவீரர்கள் வந்ததற்கும், ஆரஞ்சு விவசாயிகள் வந்ததற்கும், மிக்கி மவுஸ் வந்ததற்கும் இந்த மண்ணிலும் நீரிலும் வெயிலிலும் சாலையிலுமே விடை இருக்கிறது. உங்கள் மகனுக்கு இந்த ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டால் பயணம் முழுவதும் அவன் துப்பறிவான்.

முதல் தடயம் விமானம் ஏறும்போதே கைக்கு வந்துவிடும். உங்கள் பெட்டிகளில் ஒட்டப்படும் சீட்டில் ஆர்லாண்டோவைக் குறிக்க எம்.சி.ஓ. என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். ஆர்லாண்டோ என்ற பெயரின் முதல் எழுத்தே 'ஓ' என்னும்போது, 'எம்' எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். இன்றைய பன்னாட்டு விமான நிலையம் ஒரு காலத்தில் மெக்காய் விமானப்படைத் தளமாக இருந்தது. 1957-இல் பி-47 குண்டுவீச்சு விமான விபத்தில் இறந்த கர்னல் மைக்கேல் மெக்காயின் நினைவாக அப்பெயர் சூட்டப்பட்டது. 1962-இல் கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது யு-2 உளவு விமானங்கள் இங்கிருந்து பறந்தன. 1975-இல் தளம் மூடப்பட்டது. மூன்றெழுத்துக் குறி மட்டும் அப்படியே தங்கிவிட்டது. விமான நிலையத்துக்கு அருகிலேயே ஒரு சிறு நினைவுப் பூங்காவில் பி-52 விமானம் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 20 நிமிடம் போதும், கட்டணம் கிடையாது.

இதற்கும் முந்தைய கதை போரில் தொடங்குகிறது. செமினோல் என்னும் பூர்வகுடி மக்களை ஃபுளோரிடாவிலிருந்து வெளியேற்ற அமெரிக்க அரசு நடத்திய இரண்டாம் செமினோல் போரின்போது, 1838-இல், இன்றைய நகர மையத்துக்குத் தெற்கே கேட்லின் கோட்டை கட்டப்பட்டது. போர் 1842-இல் ஓய்ந்த பின் ஏரன் ஜெர்னிகன் என்பவர் கால்நடைகளோடு வந்து குடியேறியதால் ஊருக்கு ஜெர்னிகன் என்றே பெயர் வழங்கியது. 1857-இல் அது ஆர்லாண்டோ ஆயிற்று. இதுவரை சொன்னவற்றில் ஐயம் இல்லை. ஏன் அந்தப் பெயர் என்பதில்தான் சிக்கல். நகர நடுவில் உள்ள இயோலா ஏரிக்கரையில், 1939-இல் பள்ளி மாணவர்கள் வைத்த ஒரு நினைவுக் கல் இருக்கிறது. ஆர்லாண்டோ ரீவ்ஸ் என்ற வீரர் 1835 செப்டம்பரில் இவ்விடத்துக்கு அருகே பூர்வகுடிகளால் கொல்லப்பட்டார் என்றும், அவர் பெயரே நகரத்துக்கு வந்தது என்றும் அக்கல் கூறுகிறது. உறங்கிக்கொண்டிருந்த தோழர்களை எச்சரிக்கத் துப்பாக்கியால் சுட்டுவிட்டு அவர் உயிர் துறந்தார் என்று கதையும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பெயரில் ஒரு வீரர் இறந்ததாக ராணுவப் பதிவுகளில் இல்லை. அதைவிட எளிய தடை ஒன்று கல்லிலேயே இருக்கிறது: இரண்டாம் செமினோல் போர் வெடித்ததே 1835 டிசம்பர் கடைசியில்தான். கல்லில் உள்ள செப்டம்பருக்கும் போருக்கும் மூன்று மாத இடைவெளி விழுகிறது. ஆர்லாண்டோ ரீஸ் என்ற கரும்புத் தோட்ட முதலாளியின் பெயர்தான் நாளடைவில் ரீவ்ஸ் என்று திரிந்தது என்பது ஒரு கருத்து. ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றில் வரும் ஆர்லாண்டோவின் பெயரை, ஊர்ப் பெரியவரான நீதிபதி ஜேம்ஸ் ஸ்பியர் வைத்தார் என்பது இன்னொன்று. நாடகத் தலைவி ராசலிண்டின் பெயரில் ஏரியை ஒட்டியே ஒரு சாலை ஓடுவதைப் பின்னதை நம்புகிறவர்கள் காட்டுவார்கள். சாலைக்குப் பெயர் பின்னாளில் வந்திருக்கலாம் என்பதால் அதை நான் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருமுறை கட்டணம் கொடுத்து ஒரு நகர உலாவில் சேர்ந்தேன். வழிகாட்டி ரீவ்ஸின் வீரமரணத்தை நேரில் கண்டவர் போல விவரித்தார். வரலாற்று ஆசிரியரான உங்கள் தந்தையை அந்தக் கல்லின் முன் நிறுத்தி, போர் தொடங்கிய மாதத்தை மட்டும் நினைவூட்டுங்கள். மற்றதை அவரே பார்த்துக்கொள்வார். பிள்ளைகளுக்கு அதே ஏரியில் அன்னப் பறவை வடிவிலான மிதிபடகுகளும், கரையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் உண்மையான அன்னங்களும் இருக்கின்றன.

1880-இல் ரயில் வந்தது, ஆரஞ்சு பணமாயிற்று. இந்தச் செல்வம் எவ்வளவு நொய்மையானது என்பதை இரண்டு உறைபனிகள் காட்டின. 1894 டிசம்பர் இறுதியில் அடித்த முதல் பனி பழங்களை அழித்தது; மரங்கள் பிழைத்தன. பிறகு சில வாரங்கள் இதமான வெயில் அடிக்கவே, மரங்களில் சாறு ஏறித் துளிர் விட்டது. அந்த நிலையில் 1895 பிப்ரவரியில் இரண்டாம் பனி தாக்கியபோது, உள்ளே ஏறியிருந்த சாறு உறைந்து பட்டைகள் வெடித்துப் பிளந்தன. பல குடும்பங்கள் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வெளியேறின. தோப்புகள் மீண்டும் எழுந்தன; ஆனால் 1983, 1985, 1989 ஆண்டுகளின் உறைபனிகள் திரும்பவும் அடித்தபோது பலர் மறுபடி நடவில்லை. அதற்குள் தோப்பைவிட வீட்டுமனைக்கு விலை கூடியிருந்தது. இதைக் கண்ணால் காண ஓர் இடம் உண்டு. ஆர்லாண்டோவுக்கு மேற்கே கிளெர்மாண்ட் என்ற ஊரில், 1956-இல் சிட்ரஸ் டவர் என்ற கோபுரத்தைக் கட்டினார்கள். உயரம் 226 அடி. லிஃப்டில் மேலே போய் அடிவானம் வரை விரியும் ஆரஞ்சுத் தோப்புகளைப் பார்ப்பதற்கென்றே கட்டியது. இன்று மேலே போய்ப் பார்த்தால் ஏரிகளும், நெடுஞ்சாலையும், வரிசை வரிசையாய் ஒரே சாயலில் வீட்டுக் கூரைகளும் தெரிகின்றன. பழைய புகைப்படம் ஒன்றைக் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொண்டு அதே திசையில் நின்று ஒப்பிடச் சொல்லுங்கள். 11 வயதுப் பிள்ளைக்கு அது விளையாட்டு.

இனி டிஸ்னி. 1963 நவம்பர் 22 அன்று வால்ட் டிஸ்னி விமானத்திலிருந்து இப்பகுதியைப் பார்வையிட்டார். அதிபர் கென்னடி சுடப்பட்ட அதே நாள். புதிதாகக் கட்டப்பட்டுவந்த ஐ-4 நெடுஞ்சாலையும் ஃபுளோரிடா டர்ன்பைக் சாலையும் சந்திக்கும் இடமும், சுற்றிலும் ஆளில்லாமல் கிடந்த நிலமும் அவர் கண்ணில் பட்டன. கலிஃபோர்னியாவில் டிஸ்னிலாந்தைச் சுற்றி முளைத்த விடுதிகளும் கடைகளும் அவரைப் பெரிதும் உறுத்தியிருந்தன. இம்முறை சுற்றுப்புறத்தையும் சேர்த்தே வாங்கிவிட முடிவு செய்தார். வாங்குபவர் யாரென்று தெரிந்தால் விலை எகிறும் என்பதால், நம் ஊர்களில் பினாமி என்போமே, அதுபோல வெவ்வேறு பெயர்களில் நிறுவனங்களைப் பதிந்து 27,000 ஏக்கருக்கும் மேல் வாங்கினார்கள். மொத்தச் செலவு 50 லட்சம் டாலரைச் சற்றே தாண்டியது. 1965 அக்டோபரில் ஆர்லாண்டோ சென்டினல் நாளிதழின் எமிலி பவார் என்ற செய்தியாளர் குட்டை உடைத்தார். கலிஃபோர்னியாவில் டிஸ்னியை நேரில் சந்தித்து ஃபுளோரிடாவைப் பற்றிக் கேட்டபோது, அக்கறை இல்லை என்று சொல்லிக்கொண்டே அவர் அப்பகுதியின் தட்பவெப்பம் முதலிய விவரங்களை அடுக்கியது பவாருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருந்தது. நவம்பரில் முறையான அறிவிப்பு வந்தது. மறு ஆண்டு டிசம்பரில் வால்ட் இறந்துபோனார். அண்ணன் ராய் டிஸ்னி ஓய்வைத் தள்ளிப்போட்டு வேலையை முடித்து, 1971 அக்டோபர் 1 அன்று டிஸ்னி உலகத்தின் முதல் பூங்காவான மேஜிக் கிங்டத்தைத் திறந்தார். அந்த டிசம்பரில் அவரும் மறைந்தார்.

இந்தப் பினாமிக் கதையைப் பூங்காவுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மேஜிக் கிங்டத்தின் மெயின் ஸ்ட்ரீட்டில் நடக்கும்போது கூட்டம் முழுவதும் கோட்டையைப் பார்த்தபடி விரையும். நீங்கள் மட்டும் நின்று, கடைகளின் மாடி ஜன்னல்களை அண்ணாந்து பாருங்கள். கண்ணாடிகளில் பழங்காலக் கடைப்பலகை எழுத்தில் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும்; பூங்காவை உருவாக்கியவர்களுக்கு அது மரியாதை. அவற்றில் ஒன்று எம்.டி. லாட் என்ற நில முதலீட்டு நிறுவனம். உரக்கப் படித்தால் ஆங்கிலத்தில் 'வெற்று மனை' என்று ஒலிக்கும். நிலம் வாங்கப் பயன்பட்ட போலி நிறுவனங்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. அய்ஃபோர் கார்ப்பரேஷன் என்றும் ஒன்றைப் பதிந்திருந்தார்கள். அது அந்த ஐ-4 சாலையேதான். சாலையையே பெயராக வைத்தும் யாருக்கும் பொறி தட்டவில்லை!

அடுத்த தடயம் காலடியில் இருக்கிறது. ஃபுளோரிடாவில் சில அடி தோண்டினாலே நீர் ஊறும். நிலவறை அமைப்பது கடினம். ஊழியர்கள் பார்வையாளர் கண்ணில் படாமல் நடமாடச் சுரங்கப்பாதைகள் வேண்டும் என்றபோது, அவற்றைத் தரைமட்டத்திலேயே கட்டி, முன்னே உள்ள செவன் சீஸ் லகூன் ஏரியைத் தோண்டிய மண்ணை மேலே கொட்டி, அதன்மீது பூங்காவை எழுப்பினார்கள். ஆக, நீங்கள் நடப்பது உண்மையில் இரண்டாம் தளத்தில். நீரின் இதே குணம் வேறிடத்தில் வேறு முகம் காட்டும். இப்பகுதியின் அடியில் சுண்ணாம்புக் கல். நீர் அதைக் கரைத்துக் குடைய, மேல்மண் திடீரென உள்வாங்கிவிடும். 1981 மே மாதம் பக்கத்து ஊரான வின்டர் பார்க்கில் அப்படி ஒரு பள்ளம் விழுந்து, ஒரு வீட்டையும், சில போர்ஷ் கார்களையும், நகராட்சி நீச்சல்குளத்தின் ஒரு பகுதியையும் விழுங்கியது. இன்று அது அமைதியான ஒரு சிறு ஏரி. இயோலா ஏரியும் இவ்வாறு உருவானதே என்று சொன்னால் பிள்ளைகள் மிதிபடகில் கொஞ்சம் கவனமாக உட்காருவார்கள்.

பூங்காவுக்குள் போலிப் பழமைக்கு நடுவே உண்மையான பழம்பொருள்களும் உண்டு. மகள் ஏறப்போகும் குதிரை ராட்டினம் 1917-இல் செய்யப்பட்டு, டெட்ராய்ட்டிலும் பிறகு நியூ ஜெர்சியிலும் சுழன்று, 1967-இல் டிஸ்னியால் வாங்கப்பட்டது. பூங்காவைச் சுற்றி ஓடும் நீராவி ரயில் எஞ்சின்கள் நான்கும் 1916-க்கும் 1928-க்கும் இடையே ஃபிலடெல்ஃபியாவில் செய்யப்பட்டு, மெக்சிகோவின் யூகடான் பகுதியில் உண்மையான சரக்கு இழுத்தவை. கட்டுமானப் பணிகளால் ரயில் அவ்வப்போது நின்றுவிடும். போகும் நாளில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

8 நாள்களில் ஒரே ஒரு நாளை என் விருப்பத்துக்கு விட்டால், வின்டர் ஹேவனில் உள்ள லெகோலாந்துக்கு அனுப்புவேன். ஆர்லாண்டோவிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். 2 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கென்றே அமைந்தது என்பதால் உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் அளவெடுத்தது போல இருக்கும். தாத்தாவுக்கு என்ன என்றால், அந்த இடம் 1936-இல் டிக் போப் தம்பதியர் திறந்த சைப்ரஸ் கார்டன்ஸ். டிஸ்னிக்கு முன் ஃபுளோரிடாவுக்குச் சுற்றுலா வந்தவர்கள் தவறவிடாத தோட்டம், நீர்ச்சறுக்கு விளையாட்டுக் காட்சிகளுக்குப் பெயர் போனது. 2009-இல் அது மூடப்பட்ட பின் 2011-இல் லெகோலாந்து அதே நிலத்தில் வந்தபோது பழைய தாவரத் தோட்டத்தை அழிக்காமல் விட்டுவைத்தது. உள்ளே ஓர் ஆலமரம் நிற்கிறது. 1939-இல் வாளியில் வந்த கன்றாம். இன்று விழுதுகள் தூண்களாகி, ரோலர் கோஸ்டரின் கூச்சல் எட்டாத ஒரு நிழலை விரித்திருக்கிறது. அதனடியில் உங்கள் தந்தைக்கு அந்நிய நாட்டில் இருக்கும் நினைப்பே வராது.

கடினமான வரலாறும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு ஒரு வரலாற்று ஆசிரியருக்கு ஊரைக் காட்ட எனக்கு மனமில்லை. நகருக்கு வடக்கே உள்ள ஈட்டன்வில், கறுப்பின மக்கள் தாங்களே ஆட்சி செய்ய 1887-இல் அமைத்துக்கொண்ட ஊர்; எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் அங்கே வளர்ந்தார். நகர மையத்தை ஒட்டிய பேராமோர் பகுதியில், மருத்துவர் வில்லியம் வெல்ஸ் 1920-களில் கட்டிய விடுதி இன்று வெல்ஸ்பில்ட் அருங்காட்சியகமாக இருக்கிறது. வெள்ளையர் விடுதிகளில் அறை மறுக்கப்பட்ட இசைக் கலைஞர்கள் தங்கிய இடம் அது. 1920 நவம்பர் 2, தேர்தல் நாளன்று, அருகிலுள்ள ஓக்கோயியில் கறுப்பின மக்கள் வாக்களிக்க முயன்றதற்காக அவர்களது குடியிருப்பு எரிக்கப்பட்டது. ஜூலை பெர்ரி என்பவர் ஆர்லாண்டோவுக்குக் கொண்டுவரப்பட்டுக் கும்பலால் கொல்லப்பட்டார். இவை உறுதியானவை. இறந்தவர் எண்ணிக்கையோ, ஆய்வாளருக்கு ஆய்வாளர் ஒற்றை இலக்கத்திலிருந்து பல பத்துகள் வரை மாறுகிறது; யாராவது ஒரே எண்ணை அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். 1927-ஆம் ஆண்டு நீதிமன்றக் கட்டடத்தில் இயங்கும் ஆரஞ்சு மாவட்ட வரலாற்று மையத்தில் செமினோல்கள் முதல் கேளிக்கைப் பூங்காக்கள் வரை ஒரே கூரையின்கீழ் பார்க்கலாம். ஓக்கோயி நிகழ்வை மகனுக்குச் சொல்லலாம். மகளுக்கு இன்னும் சில ஆண்டுகள் போகட்டும்.

நாள்களை அடுக்குவதில் நான் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டாம். முதல்முறை அக்காள் குடும்பம் வந்தபோது பூங்காக்களை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசி நாளில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். அக்காள் மகன் பெஞ்சில் படுத்துத் தூங்கிவிட்டான். அத்தான் அவனுக்குக் காவல் இருக்கிறேன் என்ற சாக்கில் பக்கத்திலேயே கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு பூங்கா நாள்களுக்குப் பின், நான்காம் நாள் போல, கால்வலி தொடங்கும் வேளையில் நகர நாளை வையுங்கள்: காலையில் வரலாற்று மையம், அங்கிருந்து நடக்கும் தொலைவில் இயோலா ஏரி, பிற்பகலில் ஓய்வு. வின்டர் பார்க்கில் 1938 முதல் நடக்கும் ஒரு மணி நேர ஏரிப் படகுச் சுற்றை வேறொரு காலையில் வைத்துக்கொள்ளலாம். சன்ரயில் என்ற உள்ளூர் ரயில் இந்த இரண்டு இடங்களையும் இணைக்கிறது. ஆனால் அது வார நாள்களில் மட்டுமே ஓடும், பூங்காக்களுக்கும் போகாது. ஆகையால் கார் இல்லாமல் உங்கள் திட்டம் நடக்காது.

கோடையில் போனால் பிற்பகல் இடிமழையைக் கணக்கில் கொள்ளுங்கள். மின்னல் அருகில் வந்தால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள், அதனால் காலை நேரத்தை வீணாக்காதீர்கள். சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. டிஸ்னியில் 10 வயதிலிருந்தே பெரியவர் கட்டணம் என்பதால் மகனுக்கு முழு டிக்கெட் ஆகும். தேதிக்குத் தேதி விலை மாறும், ஆகவே நான் எண் எதுவும் சொல்லப்போவதில்லை. மகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்துவிடுங்கள்: ஸ்பேஸ் மவுன்டனுக்கு 112 சென்டிமீட்டர், ஏழு குள்ளர்கள் சுரங்க ரயிலுக்கு 97. அவள் ஏற முடியாத சவாரியில் ஒருவர் அவளோடு காத்திருந்து, மற்றவர்கள் வந்ததும் மீண்டும் நீண்ட வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. நுழைவாயிலில் நிற்கும் ஊழியரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். வின்டர் பார்க் படகுக்குக் கூரை கிடையாது. தந்தையின் தொப்பியைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்காதீர்கள்.